சேர்ந்து பாடத் தெரியும், சேர்ந்து வாசிக்க மட்டும் பயமா?

டிசம்பர் வந்தால் பெங்களூரில் நம்மாட்கள் எல்லாரும் ஒன்றாகிவிடுகிறோம். அப்பார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் கேரல் பாட்டு. ஆர்.சி. அக்கா குடில் வைப்பார், சி.எஸ்.ஐ. அண்ணன் சாண்டா வேஷம் போடுவார், பெந்தெகொஸ்தே தம்பி கீபோர்டு வாசிப்பார், லுத்தரன் ஆன்ட்டி வீட்டிலிருந்து கேக் வரும். ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம். மார்ச் முதல் வெள்ளிக்கிழமை பெண்களின் உலக ஜெப நாள். அதோடு சரி. மிச்ச நாளெல்லாம் அவரவர் கூடாரத்தில் அவரவர்.

இவர்களிடமே போய், "வாரம் ஒருநாள் யார் வீட்டிலாவது உட்கார்ந்து பைபிளைச் சேர்ந்து வாசிப்போமா?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும். "அதெல்லாம் சரிப்படாது பிரதர், கொள்கை வேற வேற இல்லையா?" என்பார் ஒருவர். "எங்க பாஸ்டர்ட்ட கேட்கணும்" என்பார் இன்னொருவர். "வம்பு எதுக்கு? பாட்லக் வேணா வைப்போம்" என்பார் மூன்றாமவர்.

பாட்டுக்கும் பிரியாணிக்கும் தடையில்லை, வாசிப்புக்கு மட்டும் தடை. இது எனக்குப் பல வருடமாகவே எரிச்சல். அந்த எரிச்சலைத்தான் இங்கே கொட்டப் போகிறேன். புண்படுபவர்கள் மன்னிக்கவும், ஆனால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டவும்.

முதலில், நான் எதைச் சொல்கிறேன் என்று தெளிவாக்கிவிடுகிறேன். ஒருவர் நின்றுகொண்டு முக்கால் மணி நேரம் பேச, மற்றவர்கள் "ஆமென்" போடும் வீட்டுக்கூட்டத்தை நான் சொல்லவில்லை. அது பெங்களூரில் தடுக்கி விழுந்தால் இருக்கிறது. நான் சொல்வது எட்டுப் பத்து பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒரு பகுதியைச் சத்தமாக வாசித்து, "இதில் என்ன சொல்லியிருக்கிறது? யாருக்குச் சொன்னது? நமக்கு இதில் என்ன வேலை?" என்று எல்லோரும் வாய் திறந்து பேசுகிற படிப்பு. அதுவும் எல்லா சபைக்காரர்களும் கலந்து.

இனி எதிர்ப்புகளுக்கு வருவோம்.

"கொள்கை வேற."

அப்படியா? உங்கள் சபையை உங்கள் கொள்ளுத்தாத்தா உட்கார்ந்து ஆராய்ந்து தேர்ந்தெடுத்தார் என்றா நினைக்கிறீர்கள்? ஊர் பேரைச் சொல்லுங்கள், சபையை நான் சொல்கிறேன். முத்துக்குளித்துறைக் கடற்கரை என்றால் ஆர்.சி.; 1530-களில் போர்த்துக்கீசியர் காலத்தில் ஆரம்பித்தது, 1542-ல் சவேரியார் வந்தார். நாகர்கோவில் பக்கம் என்றால் லண்டன் மிஷன். ரிங்கல்தௌபே அந்தப் பக்கம் வந்தது 1806-ல். திருநெல்வேலிச் சீமை என்றால் சி.எம்.எஸ். அல்லது எஸ்.பி.ஜி., இரண்டுமே ஆங்கிலிக்கன். மதுரை, திண்டுக்கல் என்றால் 1834-ல் வந்த அமெரிக்கன் மிஷன். வேலூர், ராணிப்பேட்டை என்றால் ஆற்காடு மிஷன். தரங்கம்பாடி வட்டாரம் என்றால் பெரும்பாலும் லுத்தரன்.

ஒரு மிஷன் வேலை செய்கிற ஜில்லாவில் இன்னொன்று நுழைவதில்லை என்று புராட்டஸ்டண்ட் மிஷன்கள் தங்களுக்குள் எல்லை பிரித்துக்கொண்டார்கள். கேபிள் ஆபரேட்டர்கள் ஏரியா பிரித்துக்கொள்கிற மாதிரிதான். உங்கள் தாத்தா பத்து மைல் வடக்கே பிறந்திருந்தால் நீங்கள் இன்று வேறு ஞானஸ்நானம், வேறு பாட்டுப் புத்தகம், வேறு "கொள்கை". உங்கள் சபையை நேசியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் என் சபையைவிட்டு எங்கும் போகவில்லை. ஆனால் ஏரியா பிரித்ததில் வந்த ஒன்றைக் காட்டி பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து வாசிக்க மாட்டேன் என்பது கொஞ்சம் ஓவர்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வி.எஸ். அசரியா 1910-ல் எடின்பரோவுக்குப் போய், உலக மிஷனரிகள் கூடிய சபையில், நீங்கள் எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், எங்களை நண்பர்களாக மட்டும் நடத்தவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர். 1919-ல் தரங்கம்பாடியில் அவரும் வி. சந்தியாகுவும் மற்றவர்களும் கூடி, வெள்ளைக்காரன் ஊர்ச் சண்டையில் பிரிந்த சபைகளாக நாம் ஏன் இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். இருபத்தெட்டு வருடம் பேசினார்கள். 1947 செப்டம்பர் 27-ல், நாடு விடுதலையாகி ஆறே வாரத்தில், சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாம் ஒரே சபை. பார்க்க அசரியா உயிரோடு இல்லை, 1945-லேயே போய்விட்டார்.

பிஷப்புகள் மேலே ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். கீழே நம் வீட்டு ஹாலில் நடக்க வேண்டியது இன்னும் நடக்கவில்லை என்பதுதான் என் புகார்.

"பைபிளே வேற."

இது அடுத்தது. ஆமாம், வேறுதான். ஆர்.சி.க்கு 73 புத்தகம், நமக்கு 66. பத்துக் கட்டளையில்கூட எண் மாறும் (இதில் லுத்தரன்களும் ஆர்.சி.யும் ஒரே கட்சி, தெரியுமா?). என் தலைமுறை ஆர்.சி. நண்பர்களின் பாட்டிகளுக்குப் பவுல் கிடையாது, சின்னப்பர்தான். பேதுரு இல்லை, இராயப்பர். யோவான் இல்லை, அருளப்பர். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் வைத்துக்கொண்டு, ஒரே தெருவில் இருநூறு வருடம் பேசாமல் இருந்திருக்கிறோம்.

ஆனால் இந்த வேற்றுமையைச் சரிக்கட்டத்தான் ஒரு பெரிய வேலை நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் பொதுமக்கள் கையில் வேதம் போய்ச்சேர வேண்டும் என்றது. 1968-ல் வத்திக்கானும் உலக வேதாகமச் சங்கங்களும் சேர்ந்து மொழிபெயர்ப்பதற்கு விதிமுறை போட்டார்கள். அதன் தமிழ்ப் பலன்தான் 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம். கத்தோலிக்க அறிஞர்களும் மற்ற சபை அறிஞர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வருடக்கணக்கில் செய்தது. இனி பவுல் எல்லோருக்கும் பவுல்.

நடந்தது என்ன? ஆர்.சி. கோவிலில் அதை வாசிக்கிறார்கள். நம் சபைகளில் பெரும்பாலும் இன்றும் 1871 திருப்புதல்தான். "நம்ம பைபிள் மாதிரி இல்லையே" என்று அலமாரியில் வைத்துவிட்டோம். பொதுவாகச் செய்ததை ஒரு தரப்பு மட்டும் வைத்திருப்பதற்கு என்ன பேர்?

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள், பிறகு பேசுங்கள். யோவான் முதல் அதிகாரத்தில் பழையது "வார்த்தை" என்கிறது, புதியது "வாக்கு" என்கிறது. இந்த ஒரு சொல்லில் எங்கள் வட்டம் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறது. வாக்கு என்றால் பேசினதும் உண்டு, கொடுத்த வாக்கும் உண்டு, அருள்வாக்கும் உண்டு. "வாக்குக் கொடுத்தா காப்பாத்தணும்ல, அப்ப கடவுள் குடுத்த வாக்கா அவரு?" என்று கேட்டது எந்த இறையியல் கல்லூரிக்கும் போகாத ஒரு அம்மா. ஒரே மொழிபெயர்ப்பை மட்டும் வைத்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

இன்னொரு கொடுமை, இதற்கெல்லாம் பெங்களூரை விட்டால் வேறு ஊர் கிடையாது. இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமையகம் இங்கே. பல சபைகள் சேர்ந்து நடத்தும் யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ் 1910-லிருந்து இங்கே. வொய்ட்ஃபீல்டில் ஐ.டி. கம்பெனிகள் வருவதற்கு வெகு முன்பே, 1963-ல், எக்குமெனிக்கல் கிறிஸ்டியன் சென்டர் வந்துவிட்டது. 1967-ல் இந்தியக் கத்தோலிக்கத் திருச்சபையின் விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தை இங்கே கட்டி எழுப்பியவர் டி.எஸ். அமலோற்பவதாஸ், ஒரு தமிழர். 1990-ல் சாலை விபத்தில் இறந்தார். வேதம் மக்கள் மொழியில், மக்கள் கையில் என்று உழைத்தவருக்கு உள்ளேயே எவ்வளவு எதிர்ப்பு! அவர் வேலை செய்த ஊரில் ஆணி பிடுங்க வந்த நாம், வாட்ஸப்பில் வசன இமேஜ் அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று இருக்கிறோம்.

"சாதாரண ஜனங்க பேசினா தப்புபதேசம் வந்துடும்."

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மைக் பிடிப்பவர்கள். அவர்களுக்கு மரியாதையோடு ஒன்று: பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் பிரசங்கித்ததையே வேதத்தில் தினமும் புரட்டிச் சரிபார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 17-ம் அதிகாரம். அதற்காக அவர்களைப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறது. பவுலையே சரிபார்க்கலாமாம், நம்மூர் பாஸ்டரைக் கேள்வி கேட்கக்கூடாதாம். பன்னிரண்டு வயதில் இயேசு கோவிலில் என்ன செய்துகொண்டிருந்தார்? கேட்டுக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார். எம்மாவுஸ் வழியில் இரண்டு பேர் பேசித் தர்க்கித்துக்கொண்டு போகும்போதுதான் மூன்றாவது ஆளாக அவர் வந்து சேர்ந்தார். அவரும் முதலில் கேள்விதான் கேட்டார்.

இது ஏதோ புது ஃபாஷனும் இல்லை. ஆர்.சி. பங்குகளில் அன்பியம் என்று தெருவாரியாகக் கூடுகிறார்களே, அங்கே நடக்கும் ஏழு படி நற்செய்திப் பகிர்வு தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவாகி உலகம் சுற்றி வந்தது. வாசி, ஒரு சொல்லில் தங்கு, அமைதியாக இரு, பகிர், என்ன செய்யலாம் என்று பேசு. இந்தப் பக்கம் இஞ்சினியரிங், மெடிக்கல் காலேஜில் படித்தவர்கள் பலருக்கு ஈ.யு. செல் தெரிந்திருக்கும். 1954-லிருந்து யூ.ஈ.எஸ்.ஐ. சபை வித்தியாசமில்லாமல் மாணவர்களையே நடத்தவைத்து வளர்த்த பழக்கம் அது. ஹாஸ்டல் ரூமில் பத்தொன்பது வயதில் ஆர்.சி., மார்த்தோமா, பிரதரன் எல்லாரோடும் உட்கார்ந்து வாசித்தவர்கள்தான், நாற்பத்தைந்து வயதில் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டு "கொள்கை வேற பிரதர்" என்கிறார்கள். ரெண்டு பேருக்கும் நடை தெரியும், சேர்ந்து நடக்கத்தான் மனசு வரவில்லை.

பாஸ்டர்களின் ஒரு பயம் மட்டும் நியாயமானது. ஆடு திருட்டு. வீட்டுக்கூட்டம் என்று ஆரம்பித்து ஆறு மாதத்தில் பேர் வைத்து, காணிக்கைப் பெட்டி வைத்து, தனி சபையாகக் கிளம்பிய கதை பெங்களூரில் ஏராளம். அதற்கு மருந்து கூடாமல் இருப்பது இல்லை. பெயர் கிடையாது, காணிக்கை கிடையாது, யாரும் யாரையும் தங்கள் சபைக்கு இழுக்கக் கூடாது, ஞாயிறு காலை கூட்டம் கிடையாது. இந்த நாலு விதி போதும்.

"வித்தியாசமான விஷயத்தைத் தொடாம இருந்தா சரி."

இது நம் பக்க ஆட்களே சொல்வது. இதையும் நான் ஏற்கமாட்டேன். வித்தியாசத்தை மூடி வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பது கல்யாண வீட்டு நாகரிகம், அதில் யாருக்கும் யாரையும் தெரியாது. வாசிக்கிற பகுதியில் அது வந்தால் பேசித்தான் ஆகவேண்டும். பிலிப்பி சிறைக்காரன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றான் என்று வந்தால், வீட்டில் குழந்தை இருந்ததா என்று ஆர்.சி. கேட்கட்டும், விசுவாசித்த பிறகுதானே என்று பெந்தெகொஸ்தே சொல்லட்டும். வானம் இடிந்து விழாது.

யாக்கோபு ஒருபக்கம், ரோமர் ஒருபக்கம் என்று விசுவாசமா கிரியையா சண்டை போட்டு ஐரோப்பாவே இரண்டானது. அந்த விஷயத்தில் லுத்தரன் உலக சம்மேளனமும் வத்திக்கானும் 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டன. 2006-ல் மெதடிஸ்டுகளும் 2017-ல் ரிஃபார்ம்ட் சபைகளும் சேர்ந்துகொண்டன. சண்டையை ஆரம்பித்தவர்களே உட்கார்ந்து பேசிவிட்டார்கள். நாம் மட்டும் அவர்கள் விட்டுப்போன கத்தியைத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது யாரும் சொல்லாத எதிர்ப்புக்கு வருகிறேன். நிஜமான காரணம் இதுதான் என்பது என் சந்தேகம்.

சாதி.

"எந்த சபை?" என்று நம்மாட்கள் கேட்கும்போது பாதிநேரம் அது இறையியல் கேள்வி இல்லை. சபையும் ஊரும் தெரிந்தால் மூன்றாவது விஷயத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். கல்யாண விளம்பரத்தைப் பாருங்கள், சபைப் பேருக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வரும். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று கண்டிப்பாக எழுதியபோது தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பெரிய கலகம். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் ஒதுங்கினார்கள். 1840-களில் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் இந்த விஷயத்தில் அவ்வளவு கறாராக இல்லை என்று பலர் அங்கே போனார்கள். சபை மாறினார்கள், கொள்கைக்காக அல்ல. ஒரே சபையில் இருந்தாலும் கதை அதுதான். 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில், பாகுபாடு பொறுக்காமல் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதில் கலவரம் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள்.

கேரலுக்கு கிளப் ஹவுஸ் போதும். பைபிள் படிப்புக்கு ஒருவர் வீட்டு சோபாவில் இன்னொருவர் உட்கார வேண்டும், அவர் வீட்டு டம்ளரில் தண்ணீர் குடிக்க வேண்டும், அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு இவர் போக வேண்டும். பிரச்சினை அங்கேதான். கொரிந்து சபையில் வசதியானவர்கள் முதலில் தின்று முடிக்க, இல்லாதவர்கள் பசியோடு இருந்ததற்குப் பவுல் திட்டியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் ஃப்ளாட் ஓனர்கள் மட்டும் கூடும் வட்டத்தையும் நான் வட்டம் என்று சொல்லமாட்டேன். நம் காம்ப்ளெக்ஸிலேயே வீட்டு வேலைக்கு வரும் கிருஷ்ணகிரி, தர்மபுரி அக்காக்களில் கிறிஸ்தவர்கள் உண்டு, செக்யூரிட்டியில் உண்டு. திராட்சைத் தோட்டக் கூலி உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் முழுக்கூலி என்றதும் மேனேஜர்கள் எல்லாரும் "அது அநியாயமாச்சே, அப்ரைசல் எப்படிப் போடுவது?" என்று ஆரம்பித்தார்கள். காலையில் கூலிக்கு ஆள் எடுக்கும் முக்கில் பல வருடம் நின்ற ஒருவர் சொன்னார்: "சாயங்காலம் வரைக்கும் நின்னவனுக்கும் வீட்ல அரிசி அதே அளவுதான் சார் வேணும்." நான் கேட்ட பிரசங்கம் எதிலும் இவ்வளவு வெளிச்சம் இல்லை. அவர் வேறு சபை, வேறு சாதி. அவரை உள்ளே விடாத வட்டத்துக்கு அந்த உவமை புரிந்திருக்கவே போவதில்லை.

மொழி விஷயமும் உண்டு. எந்த மொழியில் பூசை என்று பெங்களூர்க் கத்தோலிக்கர்கள் பல பத்தாண்டுகளாகப் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். நம் பிள்ளைகள் தமிழ் பேசும், பாதி வாசிக்காது. கன்னடமும் இங்கிலீஷும் வாசிக்கும். தமிழ் மட்டும்தான் என்றால் முதலில் வெளியே போவது நம் பிள்ளைகள். ஒரு பகுதியை ஒருவர் தமிழில், ஒருவர் கன்னடத்தில், ஒருவர் இங்கிலீஷில் வாசிக்கட்டும். பிள்ளை கன்னடத்தில் வாசிக்க, பக்கத்து வீட்டுக் கன்னட ஆன்ட்டி அர்த்தம் சொல்லட்டும். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் (29-ம் அதிகாரம்) வெளியூரில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் வாசிக்க வேண்டியது. வீடு கட்டு, தோட்டம் போடு, இருக்கிற நகரத்தின் சமாதானத்தைத் தேடு. கூடாரத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஊர்க் கனவிலேயே இருக்கச் சொல்லவில்லை.

இதெல்லாம் எதற்கு, வேலை வெட்டி இல்லையா என்பவர்களுக்கு: 2021 ஏப்ரல், மே மாதங்களை மறந்திருக்க மாட்டீர்கள். ஊரிலிருந்து யாரும் வரமுடியாது. வீட்டோடு காய்ச்சல். அப்போது கதவுக்கு வெளியே ரசமும் கஞ்சியும் வைத்துவிட்டுப் போனவர்கள், ஆக்ஸிஜனுக்கு ராத்திரி முழுக்கப் போன் போட்டவர்கள் யார்? எங்களுக்கு அது, வாரந்தோறும் கூட உட்கார்ந்து வாசித்தவர்கள். எங்கள் சபை இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது, அவர்கள் இரண்டு மாடி தள்ளி இருந்தார்கள். நம் கஷ்டத்தை வருடம் முழுக்கக் கேட்டவர்களுக்கு நம் வீட்டில் யாருக்கு சுகர், யாருக்கு இளைப்பு என்று தெரிந்திருந்தது. டிசம்பரில் மட்டும் சேர்ந்து பாடியிருந்தால் இது தெரிந்திருக்காது.

நகரத்தில் நமக்குச் சித்தப்பா, பெரியம்மா கிடையாது. உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு வழி இவ்வளவுதான்:

1. நாலு வீடு போதும். குறைந்தது மூன்று சபை இருக்கட்டும்.
2. வாரத்துக்கு ஒருநாள், ஒன்றேகால் மணி நேரம். வீடு சுற்றி வரட்டும், நடத்துபவரும் சுற்றி வரட்டும், பெண்களும் பிள்ளைகளும் உட்பட.
3. அவரவர் பைபிள், அவரவர் மொழி. மாற்கு நற்செய்தியில் ஆரம்பியுங்கள், சின்னது, ஓட்டம் உண்டு.
4. ஒருமுறைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் பேசக்கூடாது. இது பாஸ்டருக்கும் ஃபாதருக்கும் பொருந்தும்.
5. "எங்க சபையில சொல்வாங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். முன்னால் இருக்கிற பகுதியில் என்ன இருக்கிறது என்று ஆரம்பியுங்கள்.
6. டீ, பிஸ்கட்டுக்கு மேல் போகவேண்டாம். பிரியாணி என்றால் அடுத்த வீட்டுக்காரர் போட்டிக்கு மட்டன் வாங்குவார், முடியாதவர் வராமல் நின்றுவிடுவார் :-)

அடுத்த வெள்ளிக்கிழமையே ஆரம்பிக்கலாம். பாஸ்டரிடம் அனுமதி கேட்க வேண்டாம், தகவல் சொன்னால் போதும். நல்ல பாஸ்டர் என்றால் அவரே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.